பெட்ரோல் ஏறாத வண்டி

எனக்குக் கோபம் அதிகம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டு மற்றதையெல்லாம் சொல்லிப் பிரயோஜனமில்லை. காக்ஸ் டவுனில் எங்கள் தெருவில் யாரிடம் என்னைப் பற்றி விசாரித்தாலும், “அந்தக் கத்துற மனுஷனா?” என்றுதான் கேட்பார்கள். ஆபீஸ் வைட்ஃபீல்டில். வாரத்தில் ஐந்து நாள் மெட்ரோவில் நசுங்கிக்கொண்டு போய் வருவேன். அங்கே கத்தினால் வீடியோ எடுத்துவிடுவார்கள். அதனால் எல்லாவற்றையும் சேர்த்துவைத்து, ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டும்போது ரோட்டில் போகிறவன் வருகிறவன் மேலெல்லாம் கொட்டிவிடுவேன்.

கார் அண்ணனுடையது. இருபத்தெட்டு வருஷத்துப் பழைய பெட்ரோல் கார், கார்புரேட்டர் வைத்தது. அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆகி, எங்கள் வீட்டு மாடி அறையிலேயே இருந்தார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு சாவியை என் கையில் கொடுத்துவிட்டார். நான் ஓட்டுவேன். அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து என்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வருவார். பூசைக்குப் போகும்போதுகூட ஜெபம் சொல்கிற முகத்தோடு அந்தச் சத்தத்தைத்தான் கேட்பார்.

“டேய், மூணாவது கியர்ல இழுவை இல்லடா. ஜெர்க் அடிக்குது பாரு. யார்கிட்டயாவது கொண்டுபோய்க் காட்டு” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னார். சரி என்றேன். அடுத்த ஞாயிறும் சொன்னார். “சரிண்ணா, சும்மா நச்சரிக்காத” என்றேன். மூன்றாவது ஞாயிறு, என்ஜின் ஜெர்க் அடித்தபோது என்னைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

அதற்கடுத்த நாள், திங்கட்கிழமை காலை, ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். நெஞ்சில் கை. பனியன் முழுக்க வியர்வை. பின்னாலேயே ஓடிவந்த என் மனைவி, “என்னங்க, ஆம்புலன்ஸைக் கூப்பிடலாங்க” என்றாள். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “ஆம்புலன்ஸ் இந்த டிராஃபிக்ல வர்றதுக்குள்ள நான் ஆஸ்பத்திரிக்கே போய்ச் சேந்துடுவேன்! வாயை மூடிக்கிட்டுப் போய் கேட்டைத் திற!” என்று கத்தினேன். அவள் இறங்கிப் போய்விட்டாள். அண்ணனை நான் இரண்டிரண்டு படியாக, உட்காரவைத்து உட்காரவைத்து இறக்கினேன்.

கீழே வந்தபோது கேட்டும் திறந்திருந்தது, கார் கதவும் திறந்திருந்தது. பக்கத்து சீட்டைச் சாய்த்து அவரைப் படுக்கவைத்தேன். அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். முதல் சாவியிலேயே ஸ்டார்ட் ஆனது. அப்பாடா என்றிருந்தது. மெயின் ரோட்டைப் பிடித்து, ரெண்டு சிக்னல் தாண்டி, ரயில்வே பாலத்துக்கு அடியில் போகும்போது ஒரு ஜெர்க். இன்னொன்று. அப்புறம் சத்தமே இல்லை.

சாவியைத் திருப்பினேன், திருப்பினேன், திருப்பிக்கொண்டே இருந்தேன். “பெட்ரோல் ஏறலடா” என்றார் அண்ணன். கண்ணை மூடியபடியே சொன்னார். “சோக்கை இழு. மெதுவா. ஓவர்ஃப்ளோ ஆயிடும்.” அதுதான் அவர் பேசிய கடைசிப் பேச்சு. பின்னால் ஒரு லாரிக்காரன் ஹார்னை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் ஜன்னலில் தலையை நீட்டி அவனோடு சண்டை போட்டேன். ஆமாம், அப்போதும் சண்டை. என் மனைவிதான் இறங்கி ஓடி ஓர் ஆட்டோவை மறித்துக் கொண்டுவந்தாள்.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார். “ஒரு கால் மணி நேரம் முன்னாடி வந்திருந்தா ஏதாவது பாத்திருக்கலாம் சார்.” அந்தக் கால் மணி நேரம் எங்கே போயிற்று என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பாலத்துக்கு அடியில் போயிற்று.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் நான் இருந்த இருப்பை யாரிடமும் சொன்னதில்லை. மெட்ரோ ஸ்டேஷனுக்கு நடுவில் ரயில் வேகம் குறைந்தால் போதும், காதுக்குப் பக்கத்தில் “பெட்ரோல் ஏறலடா” என்று கேட்கும். கேட்பது மாதிரி இருக்கும் என்று சொல்லவில்லை. கேட்கும். ஒருமுறை, “தெரியுதுண்ணா, பாக்கறேன்” என்று வாய்விட்டே பதில் சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்றிருந்த பெண் இரண்டடி தள்ளிப்போனாள். காரில் பக்கத்து சீட் அன்றைக்குச் சாய்த்தபடியே இருந்தது. அதை நிமிர்த்துகிற லீவரில் கை வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. என் மனைவியும் அந்த சீட்டில் உட்காரமாட்டாள். பின்னால்தான் உட்காருவாள். பக்கத்தில் ஒருவர் படுத்துக்கொண்டு வருகிறார் என்பதுபோலத்தான் நாங்கள் இரண்டு பேரும் அந்த வருஷம் முழுக்கக் காரில் போய்வந்தோம்.

கார் மட்டும் சரியாகவே இல்லை. முதல் மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். மூன்று வாரம் ஓடியது, மறுபடி நின்றது. இரண்டாவது ஆள் பெட்ரோல் பம்ப்பை மாற்றினார். நின்றது. மூன்றாவது ஆள் ஃபில்டர், ஹோஸ் எல்லாம் புதிதாகப் போட்டுவிட்டு, “எல்லாம் இந்த எத்தனால் கலந்த பெட்ரோல் பண்ற வேலை சார், பழைய வண்டிக்கு ஒத்துக்காது” என்று கையைத் துடைத்துக்கொண்டார். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே பாட்டு: ஆளை விழுங்கின வண்டி, வருஷ பூசைக்கு முன்னால் எடைக்குப் போட்டுவிடு. என் தங்கை போனிலேயே அழுதாள்.

நான் முடியாது என்றேன். பாசத்தினால் வைத்திருக்கிறேன் என்று நினைத்தார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. அண்ணன் திரும்பத் திரும்பச் சொன்ன அந்த ஜெர்க்கும், அன்றைக்கு வண்டி நின்றதும் ஒன்றுதானா? நான் ஒரு சனிக்கிழமை சோம்பல்படாமல் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டியிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? வண்டியை எடைக்குப் போட்டுவிட்டால் அப்புறம் அதை யாரிடம் கேட்பது?

வருஷ பூசைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஜீவனஹள்ளியில் ஒரு மெக்கானிக் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். தகர ஷெட். என் வயசுதான் இருக்கும், தடித்த ஆள், காதில் பென்சில். பாதி தமிழ், பாதி கன்னடத்தில் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் அதுவரை மாற்றிய சாமான்களின் பட்டியலை ஒப்பிக்க ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

“இன்னா இன்னா மாத்தினாங்கன்னு சொல்லாத சார். எப்போ நிக்குது, அத்த மட்டும் சொல்லு.”

“கொஞ்ச தூரம் நல்லா ஓடும். அப்புறம் ரெண்டு ஜெர்க் அடிச்சு நின்னுடும்.”

“மொதல்ல எப்போ நின்னுச்சு?”

சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் அத்தனையும் எப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அவர் உச்சுக்கொட்டவில்லை. காதிலிருந்த பென்சிலை எடுத்து ஜேபியில் வைத்துக்கொண்டு பானெட்டைத் திறந்தார்.

கார்புரேட்டருக்குப் போகிற ஹோஸைக் கழற்றி அதன் முனையை ஒரு கண்ணாடி பாட்டிலுக்குள் விட்டார். “அடி சார்” என்றார். சாவியைத் திருப்பினேன். என்ஜின் சுற்றச் சுற்ற பெட்ரோல் விட்டுவிட்டுப் பீச்சியது. “பம்ப்பு ஜம்முனு கீது. பெட்ரோலும் வருது. அப்போ வர்றது பெட்ரோல் தானான்னு பாக்கணும்” என்று சொல்லிவிட்டு பாட்டிலைச் சுவர்மேல் வெயிலில் வைத்தார். “ஒந்து பத்து நிமிஷா” என்று கன்னடத்தில் சொன்னார். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. பாட்டிலை என்ன பார்வை பார்க்கிறது என்று முணுமுணுத்தேன். அவர் காதில் விழுந்தும் விழாததுபோலப் பக்கத்தில் டீ சொல்லப் போய்விட்டார்.

டீ குடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால் பாட்டிலுக்குள் குறுக்கே ஒரு கோடு. மேலே பெட்ரோல். கீழே இரண்டு விரல் உயரத்துக்கு வேறென்னவோ. மேலே இருந்ததை வேறு டப்பாவில் ஊற்றிவிட்டு, அடியில் இருந்ததில் ஒரு சொட்டை என் உள்ளங்கையில் விட்டார். பெட்ரோலாக இருந்தால் ஜில்லென்று பறந்துவிடும். அது அப்படியே நின்றது.

“தண்ணி” என்றார்.

“எத்தனால்னு சொன்னாங்களே.”

“அது ஈரத்த இழுக்கும், ஒத்துக்கிறேன். ஆனா இவ்ளோ வராது. மழ தண்ணி எறங்குதான்னு பாப்போம்.” பெட்ரோல் மூடியைத் துடைத்து, சுற்றிலும் சாக்பீஸ் தூள் தடவி மூடி, அதன் மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். திறந்து பார்த்தார். உள்பக்கம் தூள் நனையவே இல்லை. எங்கள் வண்டியின் பெட்ரோல் மூடியில் பூட்டு எப்போதோ கெட்டுப்போய்விட்டது. திருகினால் யார் வேண்டுமானாலும் திறக்கலாம். அவர் அதைத் திருகித் திருகிப் பார்த்தார். “யாரோ ஊத்திகீறாங்க சார்” என்றார்.

எனக்கு யாரென்று உடனே தெரிந்துவிட்டது. எதிர் வீட்டுக்காரன்! பார்க்கிங்குக்காக என்னோடு ஆறு வருஷமாகச் சண்டை. பாவி, என் அண்ணனைக் கொன்றுவிட்டானே!  வெட்கக்கேடு என்னவென்றால், உள்ளுக்குள் ஒரு நிம்மதி. நான் இல்லை. என் சோம்பல் இல்லை.  போலீஸில் என்ன சொல்வது, அவன் சட்டையை எப்படிப் பிடிப்பது என்று வாக்கியமெல்லாம் மனசுக்குள் தயாராகிவிட்டது. “இப்பவே போறேன்” என்று கிளம்பினேன்.

“இரு சார். டேங்க்க எறக்கிட்டு போ” என்றார் மெக்கானிக்.

இத்தனை பேர் பார்த்தும் டேங்க்கை மட்டும் யாரும் இறக்கவில்லை. இரண்டு பட்டையைக் கழற்றி, காலால் முட்டுக்கொடுத்து அவர் இறக்கினார். மிச்சமிருந்ததை வடித்துவிட்டு இப்படியும் அப்படியும் ஆட்டியபோது உள்ளே என்னவோ கடகடவென்று உருண்டது. மேலே பெட்ரோல் மீட்டரின் மிதவை மாட்டுகிற ஓட்டை வழியாக டேங்க்கைக் கவிழ்த்தார். துருத் தண்ணீரோடு சிறியதாக ஒன்று வந்து சிமெண்ட் தரையில் விழுந்தது. அவர் எடுத்துத் துடைத்தார்.

“இது இன்னா சார்? பொம்மை கிரீடமா?”

நீல பிளாஸ்டிக்கில் ஒரு கிரீடம். கட்டைவிரல் நுனி அளவு. உள்ளே மரை இருந்தது. அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. எங்கள் ஆட்கள் யாராக இருந்தாலும் பார்த்த உடனே சொல்லிவிடுவார்கள். வேளாங்கண்ணிக்குப் போனால் மந்திரித்த தண்ணீர் பிடித்து வர மாதா உருவத்திலேயே ஒரு பாட்டில் விற்பார்கள். வெள்ளை உடம்பு, நீலக் கிரீடம். கிரீடம்தான் மூடி. என் மனைவியிடம் அப்படி ஒன்று இருந்தது.

எதிர் வீட்டுக்காரனிடம் நான் மனசுக்குள் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. எதுவும் ஓடவில்லை. மெக்கானிக் அந்த மூடியை என் கையில் வைத்து, “யார் வேலைன்னு தெரிஞ்சிச்சா?” என்றார். தெரியவில்லை என்று தலையாட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, டேங்க்கைக் கழுவப் போய்விட்டார்.

வீட்டுக்குப் போகும்போது வண்டி பட்டுப்போல ஓடியது. ஒரு ஜெர்க் இல்லை. அந்தச் சத்தத்தை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. வழியெல்லாம் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பிடித்துக்கொண்டு போனேன். என் அண்ணன் போன பிறகுதான் அவள் பயந்துபோய் ஊற்ற ஆரம்பித்திருக்கலாம். அப்படி இருந்தால் அன்றைக்கு நின்றதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மாதாவே, அப்படி இருக்கட்டும். குற்றம் என்னுடையதாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

அவள் சாப்பாட்டு மேஜையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மூடியை அவள் முன்னால் வைத்தேன்.

“ஐயோ! இது எங்கங்க கிடைச்சுது?” அவளுக்கு ஒரே சந்தோஷம். அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தாள். கத்தப்போகிறேன் என்று நினைத்துக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே சுருங்கினாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். என்னால் முடிந்த அளவு மெதுவாக, “எப்போ உள்ள விழுந்துச்சு?” என்று கேட்டேன்.

அவள் சொன்னாள். ரொம்ப நாளாகவே வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை இந்த மூடியால் ஒரு மூடி ஊற்றிக்கொண்டிருந்தாளாம். “நீங்க வண்டி எடுத்தா யாரோடயாவது சண்டை போடாம வரமாட்டீங்க. எவனாவது கோபத்துல இடிச்சுட்டான்னா? வண்டிக்கு மேல தெளிச்சா கறைன்னு கத்துவீங்க. அதான் உள்ள ஊத்தினேன்.” இப்போதும் வெள்ளிக்கிழமை ஊற்றுகிறாளாம், ஸ்பூனால்.

“இந்த மூடி எப்போ விழுந்துச்சு?” என்று மறுபடி கேட்டேன்.

“அன்னிக்குத்தாங்க.” குரல் இறங்கிவிட்டது. “மாமாவை நீங்க மாடியில இருந்து எறக்கினீங்களே, அப்போ. ஆம்புலன்ஸ்னு சொன்னதுக்கே அந்தக் கத்து கத்தினீங்க. எனக்கு வேற என்ன பண்றதுன்னு தெரியல. நீங்க ஓட்டற வேகத்துல ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு, ஓடிப்போய் ஒரு பாட்டில் முழுசா ஊத்திட்டேன். அவசரத்துல மூடியும் உள்ள விழுந்துடுச்சு.” என் அண்ணனை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

வாய் வரைக்கும் வந்துவிட்டது. அந்தத் தண்ணிதாண்டி! அந்தத் தண்ணி! கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அதுவரை வீட்டில் ஒரு வார்த்தையை நான் விழுங்கியதாக ஞாபகமில்லை. அந்த இரண்டு வார்த்தையை விழுங்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்றும் தெரியவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தாள்.

“மாமாவுக்கு ஆயுசு அவ்வளவுதான். ஆனா பாருங்க, நடுரோட்டுல, பாலத்துக்கு அடியில நின்னோம். பின்னாடி அவ்ளோ பெரிய லாரி. ஒருத்தனும் நம்மள இடிக்கல. நான் எத்தனையோ நாள் நினைச்சுக்குவேன், அந்தத் தண்ணி மட்டும் ஊத்தலைன்னா உங்களையும் சேத்து வாரிக் கொடுத்திருப்பேன்னு.”

“ஆமா” என்றேன்.

“வண்டிக்கு என்னதாங்க கோளாறாம்?”

“டேங்க்ல துரு. கழுவியாச்சு. இனிமே உள்ள எதுவும் ஊத்தாத, தகரம் அரிச்சுடுமாம். ஊத்தணும்னா என் தலையில ஊத்து.”

சிரித்தாள். அவ்வளவுதானா, கத்தலையா என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போது அந்த மாடிப்படிதான் தெரிந்தது. வாயை மூடு என்று நான் கத்தியதும், பதில் பேசாமல் இறங்கிப்போன அவள் முதுகு. அவளைப் பேசவிட்டிருந்தால் ஆம்புலன்ஸ் வந்திருக்கும். அவ்வளவுதான் கணக்கு.

“நல்லது பண்ணே” என்றேன்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் செய்த ஒரு காரியத்தை நான் நல்லது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் முகம் முழுக்கச் சிவந்துவிட்டது. எழுந்துபோய் எனக்குக் காபி போட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க, தன் அக்காவுக்குப் போன் போட்டு, அவர் என்னைப் பாராட்டினார், அந்தத் தண்ணி ஊத்தினதுக்கு என்னைப் பாராட்டினார் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அடுத்த அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.